யோனெசு கென்ஷியின் 'யாங்கீ': இரண்டாவது ஆல்பத்தில் தனியாள் முத்திரை குறைந்துவிட்டதா?

பேஸ்_பாலு

செயின்சா மேன் அனிமேவின் தொடக்கப் பாட்டான கிக் பேக் கேட்டுவிட்டு, அதைப் பாடிய ஜப்பானியப் பாடகர் யோனெசு கென்ஷியைத் தேடி வருகிறவர்கள் இங்கே அதிகம். வந்தவுடன் எல்லோருக்கும் ஒரே பரிந்துரைதான் கிடைக்கிறது: "முதலில் அவருடைய முதல் ஆல்பம் டயோராமா கேள், அதுதான் அவர் ஒற்றை ஆளாகச் செய்தது. பிறகு வந்ததெல்லாம் பெரிய கம்பெனிச் சரக்கு." இந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. அதனால் இரண்டாவது ஆல்பமான யாங்கீக்கு ஓர் இழை.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1991இல் டொகுஷிமாவில் பிறந்தவர். 2009 முதல் ஹாச்சி என்ற பெயரில் நிக்கோநிக்கோ என்ற ஜப்பானியக் காணொளித் தளத்தில் வோக்கலாய்ட் பாட்டுகளை, அதாவது மென்பொருள் குரல் பாடும் பாட்டுகளை, போட்டுவந்தார். மாத்ரியோஷ்கா, பாண்டா ஹீரோ இரண்டும் அந்தக் காலத்தவை. 2012 மே மாதம் சொந்தப் பெயரில், சொந்தக் குரலில் டயோராமா வந்தது. வரிகள், மெட்டு, இசைக்கோர்வை, மிக்சிங், அட்டைப்படம், காணொளி எல்லாம் அவரேதான். வெளியிட்டது பலூம், வோக்கலாய்ட் இசையமைப்பாளர்கள் சேர்ந்து தொடங்கிய சின்ன லேபிள்.

அடுத்த வருடமே யுனிவர்சல் சிக்மா என்ற பெரிய லேபிளுக்குப் போய்விட்டார். 2013 மே 29இல் சாண்டா மரியா சிங்கிள். அக்டோபர் 23இல் மேட் ஹெட் லவ், பாப்பின் அப்பதி இரண்டுக்கும் சம இடம் கொடுத்த இரட்டை சிங்கிள். 2014 ஏப்ரல் 23இல் யாங்கீ, மொத்தம் 15 பாட்டு.

என் கட்சி இதுதான்: எல்லா வாத்தியத்தையும் ஒரே ஆள் வாசிப்பதால் மட்டும் ஓர் ஆல்பம் "சொந்தத் தயாரிப்பு" ஆகிவிடாது. எந்தச் சத்தம் இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று கடைசியாகத் தீர்மானிப்பது யார்? அந்தக் கணக்கில் யாங்கீ டயோராமாவுக்கு ஒரு படி கூட இறங்கியது இல்லை. முதல் ஆல்பத்தில் அவர் கையில் இருந்தது தன் இரண்டு கை மட்டும். இரண்டாவதில் அடுத்தவர் கையையும் தன் காதுக்கு ஏற்றபடி வேலை வாங்கத் தெரிந்துகொண்டார். இது இன்னும் கஷ்டமான வேலை.

மறுப்பவர்கள் வரலாம்.

நடுநிசி_எஃப்எம்

வந்துவிட்டேன்.

பாலு, டயோராமாவை ஹெட்போனில் மறுபடி கேளுங்கள். கோ கோ யூரேய்சென் பாட்டில் கிட்டார் சுருதி லேசாகக் கோணியிருக்கும், குரல் இசைக்குள் பாதி புதைந்திருக்கும், ஒரு மூலையில் என்னவென்றே தெரியாத ஒரு சத்தம் சுற்றிக்கொண்டே இருக்கும். வெளியாள் ஒருவர் ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்தால் முதல் நாளே "இதைச் சரி பண்ணலாமா?" என்று கேட்டிருப்பார். கேட்க ஆள் இல்லாததால்தான் அந்த ஆல்பம் அப்படி வந்தது. அந்தக் கோணல்தான் அதன் உயிர்.

யாங்கீயில் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. குரல் முன்னால் வந்துவிட்டது, டிரம்ஸ் நேராக அடிக்கிறது. நல்ல பாட்டுகள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு மனிதன் அறைக்குள் உட்கார்ந்து தனக்கென்று ஒரு ஊரைக் கட்டும்போது வரும் கிறுக்குத்தனம் போய்விட்டது. சாண்டா மரியாவைக் கேட்டால் இன்னும் நூறு பேர் பாடியிருக்கக்கூடிய பாட்டு மாதிரி இருக்கிறது.

சேலம்_ஒட்டாகு

நான் புதுசு. செயின்சா மேன் வழியாக வந்தவன். வோக்கலாய்ட் என்றால் ஹாட்சுனே மிக்கு என்ற கணினிக் குரல் என்பதோடு என் அறிவு முடிந்துவிடுகிறது. இந்தச் சண்டைக்குள் நுழைய எங்கே ஆரம்பிக்க வேண்டும்? முழு ஆல்பமும் கேட்க வேண்டுமா, சிங்கிள்ஸ் போதுமா?

பேஸ்_பாலு

தம்பி, இந்த ஆல்பத்துக்கு சிங்கிள்ஸ் மட்டும் போதாது. ஏனென்றால் அதிலிருந்து மிகப் பெரிதாகப் போன ஐனே கிளைனே சிங்கிளாக வரவே இல்லை! அது டோக்கியோ மெட்ரோ விளம்பரத்துக்காகச் செய்த பாட்டு, 2014இல் ஹோரிகிதா மாகி நடித்த விளம்பரம். சிடி கடையில் தனித்தட்டாக வாங்க முடியாத ஒரு பாட்டு யூடியூபில் பத்து கோடிப் பார்வையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறது.

என் வரிசை: முதலில் சாண்டா மரியா. அடுத்து மேட் ஹெட் லவ். இந்த இரண்டையும் ஒரே ஆள் ஒரே வருடத்தில் எழுதினான் என்பதைக் கொஞ்சம் ஜீரணி. பிறகு ஐனே கிளைனே, கடைசியில் டோனட் ஹோல். அதற்குப் பிறகு முதல் பாட்டான லிவிங் டெட் யூத்திலிருந்து முழுசாக.

மின்மினி

வோக்கலாய்ட் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். வீட்டில் கணினியில் இசை அமைத்துப் பார்க்கிறவள் நான், அந்த மென்பொருளில் கொஞ்ச காலம் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

திரையில் ஒரு கட்டம் இருக்கும். எந்தச் சுரம், எவ்வளவு நீளம் என்று கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் ஓர் அசையை எழுத வேண்டும். மென்பொருள் அதைப் பாடும். அதற்கு மூச்சு வாங்கத் தேவையில்லை. தாழ்ந்த சுரத்திலிருந்து ஒரே தாவலில் மேலே போகச் சொன்னாலும் போகும், ஒரு நொடிக்குள் பத்து அசையைத் திணித்தாலும் முணுமுணுக்காது. அதனால் அந்தக் காலத்து இணைய இசையமைப்பாளர்கள் மனிதத் தொண்டையை நினைத்து மெட்டு எழுதவில்லை. ஹாச்சியின் பழைய பாட்டுகள் காதைத் துளைக்கும் வேகத்தில் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு டோனட் ஹோல் கேளுங்கள். 2013 அக்டோபர் கடைசியில், இரட்டை சிங்கிள் கடைக்கு வந்த சில நாளில், அவர் மறுபடியும் ஹாச்சி என்ற பெயரில் நிக்கோநிக்கோவுக்குப் போய் அதைப் போட்டார். பாடுவது குமி என்ற வோக்கலாய்ட் குரல். 2011 தொடக்கத்தில் வந்த பாண்டா ஹீரோவுக்குப் பிறகு அந்தப் பெயரில் இரண்டு வருடத்துக்கும் மேல் பெரிய அமைதி, திடீரென்று இது. அடுத்த ஏப்ரலில் யாங்கீயின் 15ஆவது பாட்டாக அதையே அவர் குரலில் பாடுகிறார்.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் நடுநிசி சொன்ன "பளிச்" எங்கிருந்து வருகிறது என்று புரியும். குமி பாடும்போது அது நிற்காமல் ஓடும் இயந்திரம். அவர் பாடும்போது அதே மெட்டுக்குள் மூச்சு விட இடம் தேடுகிறார், கிடைத்த இடத்தில் எல்லாம் இழுத்துப் பிடிக்கிறார், சில அசைகளை விழுங்குகிறார். பாட்டின் விஷயமோ, முகம் மறந்துபோன ஒருவரை நினைவில் மீட்கப் பார்ப்பது. மூச்சு முட்டும் குரலுக்கு அது பொருந்திப் போகிறது. குரலை முன்னால் கொண்டுவந்தது கம்பெனிக்காக என்று என்னால் நம்ப முடியவில்லை. பாடகனாக இருப்பது என்றால் என்ன என்று அவர் அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தார்.

நடுநிசி_எஃப்எம்

> குரலை முன்னால் கொண்டுவந்தது கம்பெனிக்காக என்று என்னால் நம்ப முடியவில்லை

நல்ல விளக்கம், டோனட் ஹோலுக்கு ஒத்துக்கொள்கிறேன். என் பிரச்சினை ஐனே கிளைனேயிடம். அது கேட்டு வாங்கிய பாட்டு. ரயில் கம்பெனி கேட்டது, இவர் கொடுத்தார். விளம்பரத்தில் கிடைப்பது அரை நிமிடம்கூட இல்லை. அதற்குள் நெஞ்சைப் பிடிக்க வேண்டும். அதனால் பல்லவி அப்படி உயரத் தூக்கி எறிவது போல இருக்கிறது. ஹாச்சி அப்படி எழுத மாட்டார்.

தட்டச்சுப்_பூனை

ஹாச்சி அப்படித்தான் எழுதுவார். மாத்ரியோஷ்காவின் பல்லவியைவிட நெஞ்சைப் பிடிக்கிற ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். பத்து விநாடி போதும் அதற்கு.

விளம்பரப் பாட்டு என்றால் மட்டம் என்ற எண்ணம் ஜப்பானில் செல்லாது. அங்கே பெரிய ஹிட்டுகளில் பலவும் ஏதோ ஒரு நாடகத் தொடருக்கோ அனிமேவுக்கோ பிஸ்கட்டுக்கோ கட்டிப்போட்டவைதான். இவருடைய லெமன் ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு எழுதியது. பீஸ் சைன் அனிமேவுக்கு. சிகியூகி என்ற பாட்டு மியாசாகியின் படத்துக்கு. கேட்டு வாங்கும் இடத்தில்தான் இந்த மனிதர் நன்றாக எழுதுகிறார் என்று ஒரு வாதம் வைத்தால் மறுப்பது கஷ்டம். அந்தப் பழக்கம் தொடங்கிய இடம் ஐனே கிளைனே.

அதோடு இன்னொன்று. அந்தப் பாட்டின் காணொளியை யார் வரைந்தது? அவரேதான். பென்சில் கோடு தெரியும்படி, ஒரு பெண்ணின் முகம், கை, தெரு என்று. சின்ன வயதில் மங்கா ஓவியர் ஆக ஆசைப்பட்டவர், அந்தக் கை இன்னும் போகவில்லை. யாங்கீயின் அட்டைப்படமும் அவருடையது, ஓவியப் புத்தகத்தோடு ஒரு பதிப்பும் விற்றார்கள். பெரிய கம்பெனி வந்ததும் முதலில் நடப்பது என்ன? புகைப்படக்காரர் வருவார், முகத்தைப் பெரிதாகப் போடுவார்கள். இங்கே அது நடக்கவில்லை. வாத்தியங்களை வெளியே கொடுத்தார். அட்டைப்படத்தையும் ஓவியத்தையும் தன் மேசையிலேயே வைத்துக்கொண்டார்.

ரெக்கார்டு_தாத்தா

பிள்ளைகளா, இந்தத் தகராறு உங்கள் யோனெசுவோடு தொடங்கியது இல்லை. 1977க்குப் போகலாம்.

யமாஷிதா தட்சுரோ என்ற ஜப்பானியப் பாடகரின் முதல் தனி ஆல்பம் சர்க்கஸ் டவுன், 1976. நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் பதிவு. நியூயார்க் பகுதிக்கு சார்லி கலெல்லோ என்ற அமெரிக்க இசைக்கோர்வையாளர். அவரிடம் வேலை கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவர், அடுத்த வருடம் ஸ்பேசி என்ற இரண்டாவது ஆல்பத்தை டோக்கியோவில் தானே தயாரித்தார். அதில் அவர் செய்த மிகப் பெரிய காரியம் ஆள் பிடித்தது. பேஸுக்கு ஹொசோனோ ஹருவோமி, டிரம்ஸுக்கு முராகாமி 'பொன்டா' ஷூயிச்சி, கிட்டாருக்கு மட்சுகி ட்சுனேஹிரோ, கீபோர்டுக்கு சாட்டோ ஹிரோஷி. வேறு சில பாட்டுகளுக்கு வேறு குழு, அதில் சகாமோட்டோ ரியூயிச்சி இருக்கிறார். இந்தப் பாட்டுக்கு இந்த நாலு பேர், அந்தப் பாட்டுக்கு அந்தக் குழு என்று அவர் பிரித்துக் கொடுத்ததிலேயே பாதி தயாரிப்பு முடிந்துவிட்டது.

ஸ்பேசியைக் கேட்டுவிட்டு "இதில் தட்சுரோ முத்திரை இல்லை, பேஸ் ஹொசோனோ வாசித்தது" என்று யாராவது சொல்வார்களா? ஆளைத் தேர்ந்தெடுப்பதும் இசையமைப்புதான்.

யோனெசு வந்த வழி நேர் எதிர். தட்சுரோ பல பேர் கூட்டத்திலிருந்து வந்து தன் அதிகாரத்தைப் பிடித்தார். யோனெசு தனி அறையிலிருந்து வந்து கூட்டத்துக்குள் போனார். இரண்டு பேருக்கும் அது இரண்டாவது ஆல்பத்தில் நடந்தது என்பதை மட்டும் கவனியுங்கள்.

சேலம்_ஒட்டாகு

ஸ்பேசியையும் பட்டியலில் சேர்த்தாச்சு. இந்த இழை என் மாதாந்திர டேட்டாவைக் காலி செய்யப் போகிறது.

சாண்டா மரியா கேட்டேன். மெதுவாகப் போகிறது, கோயிலுக்குள் நிற்பது மாதிரி ஒரு உணர்வு. மேட் ஹெட் லவ் அதற்கு எதிர்ப்பக்கம். இரண்டு பேர் ஒருவர் தலைமுடியை ஒருவர் பிடித்துக்கொண்டு காதலிக்கிறார்கள் போல. எப்படி இரண்டும் ஒரே ஆல்பத்தில்?

பேஸ்_பாலு

அதுதான் சிங்கிள்ஸ் வழியாகப் பார்த்தால் தெரியும் கதை. சாண்டா மரியாவில்தான் அவர் முதல் முறையாக மற்ற இசைக்கலைஞர்களோடு சேர்ந்து வேலை செய்தார். பெரிய லேபிளில் முதல் தட்டு. சந்தைக்கு நுழைய வேகமான பாட்டு ஒன்றைக் கொடுப்பதுதான் வழக்கம், அவரிடம் அந்த மாதிரிச் சரக்கு நிறைய இருந்தது. இவரோ இருளைச் சுமந்துகொண்டே வெளிச்சத்தின் பக்கம் சேர்ந்து நடக்கலாம் என்று ஒரு மெதுவான பாட்டைக் கொடுத்தார். ஹாச்சி ரசிகர்கள் பாதிப் பேர் அன்றைக்குக் குழம்பியிருப்பார்கள்.

ஐந்து மாதத்தில் இரட்டை சிங்கிள். மேட் ஹெட் லவ்வில் பழைய கிறுக்கு திரும்பி வருகிறது, ஆனால் இப்போது நிஜ ஆட்கள் அடிக்கும் அடி. நான் பேஸ் வாசிக்கிறவன், என் காது முதலில் அங்கேதான் போகும். கணினியில் எழுதிய பேஸ் எல்லாச் சுரத்தையும் ஒரே கனத்தில் அடிக்கும். கை வாசிக்கும்போது வேகமான இடத்தில் விரல் கொஞ்சம் பின்தங்கும், டிரம்ஸ்காரர் அதைப் பார்த்து இழுத்துக்கொடுப்பார். அந்த இழுபறியில்தான் பாட்டுக்கு வியர்வை வருகிறது. டயோராமாவில் கோணல் இருந்தது, வியர்வை இல்லை.

நடுநிசிக்கு இது கோபம் வரும் என்று தெரியும்.

நடுநிசி_எஃப்எம்

கோபம் இல்லை. ஆனால் வியர்வை வேண்டும் என்றால் கேட்க ஆயிரம் ராக் குழு இருக்கிறது. வியர்வையே இல்லாத பாட்டு எழுத அன்றைக்கு ஆள் குறைவு. அந்தக் குறைவான ஆட்களில் ஒருவர் ராக் குழுக்களின் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதுதான் என் வருத்தம். யாங்கீ ஓரிக்கான் என்ற ஜப்பானிய விற்பனை வாரப் பட்டியலில் 2ஆம் இடம் வந்தது, சந்தோஷம். அடுத்த ஆல்பம் பிரெமென் முதலிடம். நான் எண்ணிக்கையைக் குறை சொல்லவில்லை. டயோராமா மாதிரி ஒன்று அவரிடமிருந்து மறுபடி வரவே இல்லை. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

மின்மினி

பதில் சொல்கிறேன். வராது. வர வேண்டியதும் இல்லை.

தனியாகச் செய்கிறவர்களுக்குத் தெரிந்த ஒரு விஷயம் இது. இரவு இரண்டு மணிக்கு மிக்ஸ் முடிந்தது என்று நினைப்போம், காலையில் கேட்டால் ஸ்னேர் டிரம் சத்தம் மட்டும்தான் கேட்கும். ஏனென்றால் அதே பாட்டை அவ்வளவு நேரம் கேட்டுக் காது செத்துப்போயிருக்கும். எல்லாம் நம் கையில் இருப்பது சுதந்திரம் என்று வெளியே இருக்கிறவர்கள் சொல்வார்கள். உள்ளே இருக்கும்போது, கேட்டுச் சொல்ல ஒரே ஒரு ஆள் இருந்தால் போதும் என்று இருக்கும். டயோராமா மாதிரி ஒரு ஆல்பத்தை முழுசாக இப்படிச் செய்து முடித்தவர் அடுத்ததையும் அதே மாதிரி செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் இரக்கமில்லாத ரசனை.

வாசகசாலை

இத்தனை நாள் ஓரமாக நின்று படித்தேன், ஒரு விஷயத்துக்காக உள்ளே வருகிறேன்.

யாங்கீயின் 7ஆவது பாட்டு ஹனா நி அராஷி, 8ஆவது உமி தோ சன்ஷோவுவோ. ஜப்பானிய இலக்கியம் கொஞ்சம் படித்தவர்களுக்கு இந்த இரண்டும் அடுத்தடுத்து இருப்பது கண்ணில் குத்தும். மலர் இருந்தால் புயலும் உண்டு என்ற பழமொழியை இபுசே மசுஜி ஒரு சீனக் கவிதையை மொழிபெயர்த்தபோது பயன்படுத்தி, பிரிவுதான் வாழ்க்கை என்று முடித்த வரி ஜப்பானில் மிகப் பிரபலம். அதே இபுசேயின் புகழ்பெற்ற சிறுகதையின் பெயர் சன்ஷோவுவோ, 1929இல் வந்தது.

அந்தக் கதையில் ஒரு சலமாண்டர், நம் பல்லி மாதிரி உருவம் கொண்ட நீர்வாழ் பிராணி, தன் பொந்துக்குள்ளேயே நெடுங்காலம் இருந்துவிடுகிறது. ஒருநாள் வெளியே போகலாம் என்று பார்த்தால் உடம்பு வளர்ந்துவிட்டது, தலை வாசலில் மாட்டிக்கொள்கிறது. இனி போக முடியாது. பொந்துக்குள் வரும் ஒரு தவளையையும் வெளியே விடாமல் அடைத்து வைக்கிறது.

யோனெசு இந்தக் கதையை நினைத்துத்தான் எழுதினார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், வாசகனாக என் ஊகம் இது. ஆனால் அவர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். தனி அறை, தனி உலகம், அதற்குள்ளேயே வளர்ந்த ஆள். டயோராமா என்ற சொல்லே பெட்டிக்குள் கட்டிய சின்ன உலகத்துக்குத்தான். அந்த ஆள் அடுத்த ஆல்பத்துக்குக் குடியேறி என்ற அர்த்தத்தில் யாங்கீ என்று பெயர் வைக்கிறார், இணையத்திலிருந்து வெளி உலகத்துக்குக் குடிபெயர்ந்தவன் நான் என்று காரணமும் சொல்கிறார். நடுவில் ஒரு சலமாண்டர், பாட்டின் பெயரில் கூடவே ஒரு கடல். பொந்தில் மாட்டிக்கொண்ட பிராணிக்குப் பக்கத்தில் கடலை வைத்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நடுநிசி கேட்ட "டயோராமா மாதிரி மறுபடி ஒன்று" என்பதற்கு என் பதிலும் அதுதான். அந்தப் பொந்தில் இன்னும் ஓர் ஆல்பம் இருந்திருந்தால் தலை மாட்டியிருக்கும்.

தட்டச்சுப்_பூனை

அருமை. நான் அந்த இரண்டு பாட்டையும் வேகமாகத் தாண்டிப் போகிறவள், இனி நின்று கேட்கிறேன்.

குடியேறி விஷயத்தில் ஒரு சேர்ப்பு. போனவர் திரும்பிப் பார்க்காமல் போகவில்லை. ஆல்பத்தின் கடைசி இடத்தில் டோனட் ஹோலை வைத்தாரே, அது பழைய ஊர்க்காரர்களுக்கு. 2017இல் மிக்குவின் மேஜிக்கல் மிராய் நிகழ்ச்சிக்காக ஹாச்சி பெயரில் சுனா நோ வகுசேய் என்ற பாட்டைச் செய்தார். 2024இல் டோனட் ஹோலுக்கே புதுக் காணொளி வந்தது, நம் ஆட்கள் பாதிப் பேர் அப்போதுதான் அந்தப் பாட்டையே கேள்விப்பட்டார்கள்.

ரெக்கார்டு_தாத்தா

மேடை பற்றி யாரும் பேசவில்லையே. இரண்டு ஆல்பம் போட்ட ஒரு பாடகர் முதல் தனிக் கச்சேரி செய்தது எப்போது தெரியுமா? யாங்கீ வந்து இரண்டு மாதம் கழித்து, 2014 ஜூன் 27, டோக்கியோ டைகன்யாமாவில் யூனிட் என்ற சின்ன அரங்கில். எங்கள் காலத்தில் கிளப்பில் நாலு வருடம் வாசித்த பிறகு தட்டு போடுவார்கள். இவர் தட்டு போட்டுவிட்டு மேடைக்குப் போகிறார். யாங்கீயில் நிஜ டிரம்ஸ், நிஜ பேஸ் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்திருந்தால் அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அறைக்குள் செய்த பாட்டை மேடையில் எப்படி வாசிப்பது? நாலு பேர் வாசிக்கும்படி எழுத வேண்டும்.

மேடையில் அவருக்குக் கிட்டார் வாசிக்கும் நகாஜிமா ஹிரோஷி சின்ன வயது ஊர் நண்பர். வெளியே வந்தபோதும் ஒருவரைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

சேலம்_ஒட்டாகு

ஒரு நடைமுறைக் கேள்வி. இவர் பாட்டெல்லாம் ஸ்ட்ரீமிங்கில் முழுசாக இருக்கிறதா? சில ஜப்பானியர்கள் பாதியைத்தான் போடுவார்கள், அதனால் கேட்டேன்.

பேஸ்_பாலு

இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 5, ஸ்ட்ரே ஷீப் ஆல்பம் வந்த அதே நாளில்தான் அவருடைய பாட்டுகளை ஸ்ட்ரீமிங்கில் திறந்துவிட்டார்கள். அதுவரை சிடி, இல்லையென்றால் பணம் கொடுத்துப் பதிவிறக்கம், இல்லையென்றால் யூடியூப். லெமன் மாதிரி ஒரு ராட்சத ஹிட்டே இரண்டு வருடத்துக்கு மேல் எந்தச் சந்தாத் தளத்திலும் இல்லாமல் ஓடியது. ஐனே கிளைனேக்கு யூடியூபில் அவ்வளவு பார்வை சேர்ந்ததற்கும் இது காரணம் என்று நினைக்கிறேன். வேறு எங்கே போய்க் கேட்பது?

மின்மினி

இன்னொரு ஒப்பீடு, புதியவர்களுக்குப் பக்கமாக இருக்கும். வாண்டி என்ற இளம் ஜப்பானியப் பாடகர். செயின்சா மேன் முடிவுப் பாடல்களில் முதலாவதாக வரும் செயின்சா பிளட் அவருடையது. அவருடைய இரண்டாவது ஆல்பம் ரெப்ளிகா, 2023 நவம்பர், இரண்டு தட்டு, 35 பாட்டு. வரி, மெட்டு, இசைக்கோர்வை எல்லாம் அவரே, காணொளிகளிலும் கை வைப்பார். யோனெசு 2014இல் போட்ட பாதை இப்போது தார்ச்சாலை ஆகிவிட்டது. வாண்டியிடம் போய் யாரும் "நீ அறையிலிருந்து வெளியே வந்து துரோகம் செய்துவிட்டாய்" என்று சொல்வதில்லை. அறை, ஸ்டுடியோ என்ற பிரிவே இந்தத் தலைமுறைக்கு இல்லை.

ஆனால் எனக்கு ரெப்ளிகாவைவிட யாங்கீ பிடிக்கும். 35 பாட்டு என்பது சேமிப்புக் கிடங்கு. இரண்டாவது தட்டு முழுக்க ஏற்கெனவே வந்த சிங்கிள்ஸை அடுக்கிய மாதிரி இருக்கிறது. யாங்கீயில் மெலன்கலி கிச்சன் ஏன் சாண்டா மரியாவுக்கு முன்னால் இருக்கிறது என்று கேட்டால் காரணம் சொல்ல முடியும். சமையலறையில் மனம் சலித்து நிற்கும் ஒருவர், அடுத்த பாட்டில் அதே சலிப்பு பிரார்த்தனை ஆகிறது. சிங்கிளாகக் கேட்டபோது கொஞ்சம் கனமாக இருந்த சாண்டா மரியா, ஆறாவது இடத்தில் வரும்போது சரியாக உட்காருகிறது.

நடுநிசி_எஃப்எம்

சாண்டா மரியாவை ஆல்பத்தின் நடுவில் கேட்டால் மாறுகிறது என்பது உண்மைதான், அதை மறுக்க மாட்டேன். ஹோராஃபுகி நெகோயாரோ இருக்கும் வரை யாங்கீயை முழுசாகத் தள்ளவும் என்னால் முடியாது, திருவிழாக் கூத்து மாதிரி ஒரு ஆட்டம் அது, ஹாச்சி முகமூடியைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

ஆனாலும் என் வாக்கு டயோராமாவுக்கே. பொந்தாக இருந்தாலும் அழகான பொந்து.

சேலம்_ஒட்டாகு

முழு ஆல்பமும் கேட்டு முடித்தேன். நீங்கள் எல்லோரும் இவ்வளவு எழுதியும் ஒருவர்கூட டாக்ஸிக் பாய் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எனக்கு அதுதான் முதலிடம். என்ன நியாயம் இது?

பேஸ்_பாலு

அதில் பேஸைக் கவனித்தாயா? கவனித்திருந்தால் உனக்கென்று தனி இழை போடு, நானே முதல் ஆளாக வருகிறேன். நடுநிசியும் சண்டைக்கு வருவார், பயப்படாதே.

நடுநிசி_எஃப்எம்

கண்டிப்பாக வருவேன். டாக்ஸிக் பாய் அந்த ஆல்பத்தின் ஆகச் சுமாரான பாட்டு.